பங்காளி என்று எழுதியிருந்த காகிதம்

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மீதி இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் போன பிறகு என்னிடம் வந்தவை. ஏழு பேரில் ஒருவரும் பட்டினி கிடந்ததில்லை. ஒருவரும் போலீஸ் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவதைப் படிக்கிறவர்கள், இந்தக் கிழவி எதையும் நம்பாதவள் என்று நினைக்கலாம். நினைக்கட்டும். நம்பாமல் இருந்ததால்தான் ஏழும் கரை சேர்ந்தன.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். பஸ் போர்டு படிப்பேன். ரேஷன் கார்டில் என் பெயர் எது, என் வீட்டுக்காரர் பெயர் எது என்று விரல் வைத்துக் காட்டுவேன். கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துதான். எங்கள் வரிசை வீடுகளின் நடுவே இருக்கிற புத்த விகார் கூடத்தில் அந்தக் காலத்தில் பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்தாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது போய், என் பெயரை மட்டும் கற்றுக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் கற்க வீட்டில் ஆள் இல்லை.

ஆகையால் இதை நான் சொல்லச் சொல்லச் சின்னப் பேத்தி எழுதுகிறாள். பத்தாவது படிக்கிறாள். தமிழை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். நான் பேசுவது போல எழுதாதே, அச்சில் வருவது போல எழுது, மனிதர்கள் பேசியதை மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் எழுதுகிறாளா என்பது பிறகு தெரியும்.

விஷயம் பெரிய பேத்தியைப் பற்றியது. அவள் பெங்களூரில் எம்.எஸ்ஸி. ஜியாகிரபி படிக்கிறாள். நாங்கள் பூகோளம் என்போம். காலை ரயிலில் நின்றபடி போய், சாயங்கால ரயிலில் நின்றபடி வருகிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஷிப்டெல்லாம் ரயிலுக்குத்தான்.

மழை விட்டிருந்த ஒரு நாள் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். அவள் படிக்கிற பல்கலைக்கழகமும், வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகமும், பெங்களூரில் மேப் போடுகிற ஒரு கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றனவாம். மேல்படிப்பில் பூகோளம் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது, தொழிலும் பழக வேண்டும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் புதிதாகக் கற்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இருக்கிற ஜனங்களோடு சேர்ந்து மேப் போட வேண்டும். நன்றாகச் செய்கிற நான்கு பேருக்கு அந்தக் கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சி.

"நாலு சீட்டுதான் ஆயா. அதுக்கு எங்க கிளாஸே அடிச்சிக்குது," என்றாள். அவள் என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவாள். "அந்தப் பயிற்சி முடிச்சா அங்கயே வேல கெடைக்கும். ரயில்ல நின்னு போனாலும் ஒரு அர்த்தம் கீது."

"உனுக்கு எந்த எடம்?"

"நம்ப லைனுதான்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"ஏன், பெங்களூர்ல தெரு இல்லயா?"

"அங்க யாரு என்ன உள்ள வுடுவாங்க? இங்கன்னா எல்லாம் நம்ப ஜனம்."

"நம்ப ஜனம்தான். அதான் கேக்கறேன். மேப்பு போட்டு யாரு கைல குடுப்ப?"

அதற்கு அவள் நீளமாக ஏதோ சொன்னாள். சர்வர் என்றாள், டேட்டா என்றாள். ஓர் ஆளின் பெயரைச் சொல்லவில்லை. கொடுக்கிற கை தெரியும், வாங்குகிற கை தெரியாது என்றால் நான் எப்படி நம்புவேன்?

நாங்கள் இருப்பது சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய வீடு. லைன் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகள். வீடு எங்கள் பெயருக்கு முழுதாக ஆனபாடில்லை. கையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று இங்கே எழுதச் சொல்ல மாட்டேன். இப்படி இருக்கிறவர்களுக்கு அளக்க வருகிற ஆளைக் கண்டாலே கதவைச் சாத்தத் தோன்றும். ஒருமுறை யாரோ வந்து கதவுகளில் சாக்பீஸால் நம்பர் போட்டார்கள். எதற்கு என்று கேட்டால் "சும்மாதாம்மா" என்றார்கள். அவர்கள் லைன் முனையைத் திரும்புவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி துடைக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். இன்னும் ஆகவில்லை என்று நான் சொல்வேன்.

ஆனாலும் பேத்தி. தடுக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு மூன்று வாரம் லைன் லைனாக நடந்தாள். தண்ணீர்க் குழாய் எங்கே, சாக்கடை எங்கே அடைக்கிறது, எந்த வீட்டின் கீழே தரை இறங்கிச் சுவர் விரிந்திருக்கிறது, தங்கம் பிரித்த பிறகு கொட்டி வைத்த சயனைடு மேட்டு மண் காற்றுக்காலத்தில் எந்த வாசல்வரை வந்து விழுகிறது என்று குறித்தாள். நான் பத்தடி பின்னால் நடந்தேன். யாராவது என்னைப் பார்த்தால், அரைத் தலை அசைத்தேன். முழுத் தலை அசைக்கவில்லை. அவர்களும் அரை மனதோடுதான் பதில் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு காகிதம் வந்தது. லைன் சார்பாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அவள் செய்த மேப் கணக்கில் சேரும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த நான்கு சீட்டில் அவளுக்கு இடமில்லை. யாரைக் கேட்டாலும், "உங்க ஆயா போடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்களாம். எங்கள் லைனில் என் மதிப்பு அப்படி. அன்று அந்த மதிப்பு எனக்கே பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மேடம் வந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். கன்னடக்காரர், ஐம்பது வயது இருக்கும், நல்ல பருத்திப் புடவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். அதைக் கவனித்தேன். டீயை ஆறவிடாமல் குடித்தார். அதையும் கவனித்தேன். நல்லவிதமாக நடந்துகொள்கிறவர்களிடம் எனக்குக் கூடுதலாகவே சந்தேகம். எனக்குக் கன்னடம் பேச வரும், ஆனாலும் முதலில் காட்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

ஒன்றும் கள்ளமாகப் பேசவில்லை. "அஜ்ஜி தும்பா ஸ்ட்ராங்" என்று மட்டும் பேத்தியிடம் சொன்னார், பாட்டி ரொம்ப உறுதி என்று.

"அவங்களுக்குத் தமிழ் படிக்க வராது. நான் படிக்கறேன் கேளு ஆயா," என்று பெரியவள் காகிதத்தை எடுத்தாள். அவள் படித்தது எல்லாம் இங்கிலீஷ். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கல்லில் நடப்பது போல ஒவ்வொரு சொல்லாக வந்தாள். இரண்டாவது வரியில், "இத்திட்டத்தில் நீங்கள் எங்கள் பங்...கா...ளி" என்றாள்.

"இன்னாது?"

"பங்காளி."

"இன்னொரு தபா படி."

"நீங்கள் எங்கள் பங்காளி. பங்காளியின் இடத் தகவல் எல்லாப் பங்காளிகளுக்கும் பங்கிடப்படும்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "இடம். பங்காளி. பங்கிடப்படும். மூணும் ஒரே வரியில. நல்லா எழுதனாங்க," என்றேன். "காபி டம்ளர எடுத்துக் கழுவு. உங்க மேடத்துக்கு வண்டி நேரம் ஆச்சி."

"டீ ஆயா அது."

"எதுவா இருந்தா இன்னா. கையெழுத்து கெடையாது."

மேடம் பேத்தியின் முகத்தைப் பார்த்தார். பேத்தி தரையைப் பார்த்தாள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் மூங்கில் தட்டி கட்டி, மண் பூசி, ஓர் அறை போட்டோம். அதன் ஓரத்தில் குழாய். ஏழு பிள்ளைகள் அந்த அறையில்தான் வரிசையாகப் படுத்தன. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் ஒருவர். பங்காளி. ஒருநாள் ஒரு காகிதத்தோடு வந்தார். குழாய்க்குக் கூடுதல் தண்ணீர் கேட்டு மனு என்றார். அவரே எழுதியிருந்தார், அவரே படித்துக் காட்டினார். தண்ணீர், குழாய், லைன் ஜனங்கள் என்று அழகாகப் படித்தார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். நானும் புதிதாகக் கற்ற என் பெயரை எழுதினேன். நான் என் பெயரை எழுதிய முதல் காகிதம் அது. எழுத்து கோணாமல் வந்ததே என்று பெருமையாக இருந்தது.

அந்தக் காகிதத்தில் குழாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. பின்னால் இருக்கிற அறை இரண்டு குடும்பத்துக்கும் பொது என்றும், அவர் குடும்பம் அதில் இருந்துகொள்ளலாம் என்றும் இருந்தது. ஒரு மாதத்தில் நடுவில் சுவர் எழும்பியது. குழாய் அந்தப் பக்கம் போய்விட்டது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவர் இருக்கிறது. இன்றைக்கும் நான் முகம் கழுவுகிறபோது முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

அன்றிலிருந்து என் வீட்டில் இரண்டு சட்டம். ஒன்று, எழுதினவர் படிக்கக் கூடாது. எழுதாத ஒருவர் படிக்கக் கேட்டுத்தான் கையெழுத்து. இரண்டாவது, அந்தப் பங்காளி என்கிற சொல்லே வீட்டில் வரக் கூடாது. சொல்ல வேண்டி வந்தால் "செவுத்துக்கு அந்தாண்ட" என்போம். என் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். பேத்திகளும் அப்படித்தான்.

திங்கட்கிழமை பெரியவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். "வரேன்" என்று சொல்லாமல் போனாள். பக்கத்து வீட்டுக்காரி இதற்காகவே காத்திருந்தது போலத் துணி உலர்த்த வந்தாள்.

"இன்னா யக்கா, பேத்தி மூஞ்சி தொங்கிப் போய் போகுது? ஒரு கையெழுத்துதான, போட்டுட்டுப் போயேன். உன் கையெழுத்த இன்னா பேங்க்லயா போட்டு வெச்சிருக்க?"

"நீ போடேன்."

"நீ போடு, நான் போடறேன்."

"அப்ப நீயும் பயப்படற. பயத்த ஒத்துக்கறவ நானு. ஒத்துக்காதவ நீ. அவ்ளோதான் வித்தியாசம்."

"உன் வாய்க்கு சொரங்க ஷாப்டுல ஊதன சங்கே பரவால்ல யக்கா," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் கடைத்தெருவான ராபர்ட்சன்பேட்டைக்கு பஸ் ஏறினேன். படித்தவள் என் பேத்திதான். ஆனாலும் சட்டம் என்றால் சட்டம். முதலில் ஜெராக்ஸ் கடையில் இருக்கிற பெண்ணிடம் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனுக்குப் பேசத்தான் வரும் ஆன்ட்டி. நான் கன்னட மீடியம்," என்றாள். கடைக்குப் பெயர்ப் பலகை தமிழில்தான் இருந்தது. அவள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மார்க்கெட்டுப் பக்கம் போனேன். அங்கே ஒரு தையல்காரர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூட உடுப்பு தைத்தவர். தினம் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர். மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். முழுவதும் படித்தார். பேத்தி படித்தது போலவேதான் இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி. அவள் மாற்றிப் படிக்கவில்லை.

ஆனால் அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார்.

"அக்கா, இது மனுசன் எழுதன தமிழ் இல்ல."

"பின்ன பேயா எழுதிச்சி?"

"கம்ப்யூட்டர். இங்கிலீசுல போட்டா தமிழ்ல கக்கும். இங்க பாரு, 'நீங்கள்'ல ஆரம்பிச்சி 'அது சம்மதிக்கிறது'ன்னு முடியுது. உன்னியப் பாத்து எவனாவது அதுன்னு எழுதுவானா?"

"எழுதிட்டு முழுசா வீடு போவானா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் எழுதியது என்றால் அதில் போட்டது யார்? மேடத்துக்குத் தமிழ் தெரியாது. கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தேன். எங்கள் லைன் முனையில் இறங்குகிறபோது ஒரே ஓர் ஆள் மிச்சம்.

சாயங்காலம் அவள் வந்து பையைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "இதத் தமிழ்ல எழுதனது யாரு?"

பையின் வாரை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

"கேக்கறேன்ல."

"நான்தான் ஆயா." குரல் எழும்பவில்லை. "இங்கிலீசுல குடுத்தாங்க. உனுக்குத் தமிழ் வருமான்னு மேடம் கேட்டாங்க. வரும்னேன். போன்ல போட்டேன். வந்தத ஒட்டனேன்."

"அப்ப எழுதனவளே படிச்சிருக்க."

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதச் சொல்வது என்று தெரியவில்லை. பங்காளி ஏமாற்றினபோதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இது என் முன்னால், என் பாயில் உட்கார்ந்து, என் வளர்ப்பு செய்தது.

"பார்ட்னர்னு இங்கிலீசுல. அதுக்குப் பங்காளின்னு வந்துச்சி. பங்கு, ஆளு, பங்காளி. சரியாதான கீதுன்னு நெனச்சேன்."

"பங்காளின்னா யாருன்னு உனுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"நெசமாவா?"

"யாரு சொன்னாங்க எனுக்கு? நீ எப்பனா சொல்லிருக்கியா?" அவள் கையை நீட்டிப் பின்பக்கச் சுவரைக் காட்டினாள். "அத செவுத்துக்கு அந்தாண்டன்னுதான் சொல்லுவ. அவங்களுக்கு நாம இன்னா ஆவணும்னே எனுக்குத் தெரியாது."

பின்னால் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. நான் போய் அரிசியை அடுப்பில் வைத்தேன். அவள் செய்த தப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நானே கேட்டுக்கொண்டு, பதிலும் எனக்கே வைத்துக்கொண்டேன்.

சாப்பிடுகிறபோது சொன்னேன். "நாளைக்கி உங்க மேடத்துக்குப் போன் போட்டு, தமிழ் தப்பு, எழுதனது நானுன்னு சொல்லு."

"சொன்னா போச்சி ஆயா. தமிழ் வரும்னு சொல்லிதான் இந்த எடமே குடுத்தாங்க. பொய் சொன்னவன்னு ஆயிடும். நீ பேசாம கையெழுத்து போட்டுடு. இப்பதான் அர்த்தம் தெரிஞ்சிபோச்சே. யாரும் உன் வூட்ட கேக்க மாட்டாங்க."

"இன்னிக்கிக் கேக்க மாட்டாங்க. காயிதம் நாளைக்கும் இருக்கும்."

மறுநாள் காலையில் ரயிலுக்குப் போகாமல் உட்கார்ந்து போன் போட்டாள். "ஸ்பீக்கர்ல போடு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டாள். பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம். தப்பைத் தப்பு என்றே சொன்னாள், மழுப்பவில்லை. பிறகு மேடம், "நாளைக்கு வருகிறேன்" என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார்.

வியாழக்கிழமை தனியாகவே வந்தார், பங்காருபேட்டையில் ரயில் இறங்கி ஆட்டோ பிடித்து. இந்த முறை நான் கன்னடத்திலேயே பேசினேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?"

"கேட்கிற அளவுக்கு முதல்நாளே தெரியும்," என்றேன்.

அன்று தான் சொன்னது ஞாபகம் வந்து அவர் முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். பிறகு அவரும் ஒன்றை ஒத்துக்கொண்டார். அந்தத் தமிழ்க் காகிதத்தை மூன்று இடத்திலும் கமிட்டி வைத்துப் பார்த்து, மூன்று இடத்திலும் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று கமிட்டியிலும் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

"அப்ப மூணு எடத்துலயும் படிக்காம கையெழுத்து போட்டது படிச்சவங்க," என்றேன். இதைத் தமிழில் சொன்னேன். பேத்தி அதைக் கன்னடத்தில் சொல்லவில்லை. நானே கன்னடத்திலும் சொல்லிவிட்டேன்.

பங்காளி வேண்டாம் என்றால் வேறு என்ன சொல் போடுவது என்று கேட்டார். பேத்தி போனைப் பார்த்து, "கூட்டாளி" என்றாள்.

"கூட்டாளின்னா திருட்டுல பிடிபட்டா பேப்பர்ல போடுவாங்க. கூட்டாளி ஓட்டம்னு."

"பங்குதாரர்?"

"மறுபடியும் பங்கா?"

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவர் சுரங்கத்தில் சர்வே ஆட்களோடு இருந்தவர். லெவல் லெவலாகக் கீழே போய், அளக்கிற டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். மறுமுனையை இன்னொருவர் பிடிப்பார். அவரை "என் ஜோடிக்காரன்" என்பார் இவர். ஒருவர் தளர்த்தினாலும் அளவு தப்பு. இருட்டில் அந்த ஆளின் முகம் தெரியாது. டேப் இறுகினால் பிடித்திருக்கிறான் என்று தெரியும். ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற சுரங்க லிப்டில் மேலே வந்தால், அவர் அவர் வீட்டுக்கு, இவர் இவர் வீட்டுக்கு. இருபது வருடம் ஜோடியாக இருந்தார்கள். அந்த மனிதர் எங்கள் வீட்டில் ஒரு முழம் இடம் கேட்டதில்லை.

"ஜோடிக்காரர்னு போடு," என்றேன். "அதுக்குக் கீழ, ஜோடிக்காரங்க யாருக்கும் இந்த எடத்துல பங்கு கெடையாதுன்னு ஒரு வரி. மேப்பு யாரு கைக்குப் போகும்னு ஒரு வரி. டேட்டான்னு போடாத. ஆள் பேர் போடு."

பேத்தி கன்னடத்தில் சொல்லச் சொல்ல மேடம் அத்தனையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். மாற்றினால் மூன்று கமிட்டிக்கும் மறுபடி போக வேண்டும். நாளைக்குள் ஆகாது. இன்றைக்குப் பழைய காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் பெண்ணின் சீட்டுக்கு வழி இருக்கும். பிறகு சாவகாசமாகப் புதியதை மாற்றி வைக்கலாம்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம். எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன் இதை! ஆனால் இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. போட மாட்டேன் என்று சொன்னால் அவள் சீட்டு என்னால் போனதாக ஆகும். போடுகிறேன் என்றால் அந்தச் சுவரை நான் மறந்தவளாக ஆவேன். நான் அவளைப் பார்த்தேன். அவள் பின்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மேடம்," என்றாள். "மாத்தியே வரட்டும்."

"யோசித்துச் சொல்," என்றார் மேடம்.

"யோசிச்சிட்டேன். ஆயா போட்டா லைன் மொத்தமும் போடும். அப்புறம் அது தப்புன்னா நான் இந்த லைன்ல நடக்க முடியாது."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவள் ரயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த வாரம் நான்கு பெயர்கள் வெளியே வந்தன. அவள் பெயர் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டு வந்தாள். அதைச் சூடு பண்ணி நானே சாப்பிட்டேன்.

புதிய காகிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. பங்காளி என்று ஓர் இடத்திலும் இல்லை. ஜோடிக்காரர் என்று இருந்தது. இடத்தில் பங்கு கிடையாது என்ற வரியும் இருந்தது. மேப்பை வாங்கி வைத்துக்கொள்கிறவர் பெயரும் இருந்தது. அதை ராபர்ட்சன்பேட்டைக்குக் கொண்டுபோய்த் தையல்காரர் படிக்கக் கேட்டு, வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணியது. வயதாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கீழே போட்டாள். அவளுக்குக் கீழே லைன் மொத்தமும்.

மேடம் மறுபடியும் போன் செய்தார். அடுத்த முறை நான்கு பேரை எடுக்கும்போது இவளுடைய மேப்பை முதலில் பார்ப்பார்களாம். அடுத்த முறை என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். தையல்காரர் அதையும் படித்தார். இங்கிலீஷில் இருந்ததால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அப்படித்தான் இருக்கிறது என்றார். நடக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

மேடம் இன்னொன்றும் கேட்டார். இனி வருகிற பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் வகுப்பு வைக்கும்போது, இந்தக் காகிதம் பட்ட பாட்டை அவர்கள் படிக்க வேண்டுமாம். அதனால் நடந்ததை நானே எழுதித் தர வேண்டுமாம். எதற்கு, யார் படிப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று இரண்டு நாள் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். ஊர்ப் பெயர் இருக்கட்டும், ஆள் பெயர் ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

சின்னவளே, எழுதினது போதும். பேனாவை மூடு. நீ படிக்காதே. எழுதினவள் படிக்கக் கூடாது. உன் அக்காவைக் கூப்பிடு.

வா, இப்படி வெளிச்சத்தில் உட்கார். போனைக் கீழே வை. தமிழ்தான், உனக்கு மெதுவாகத்தான் வரும், எனக்கு அவசரமில்லை. உன்னைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டுத் தாண்டாதே. சுவரைப் பற்றிச் சொன்னதையும் தாண்டாதே. விரலை வைத்துக்கொள். படி.